பூம்பாறைத் தோட்டத்துக்கு முதன்முதலாக வாங்கிய ஏடிவி: பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

பூம்பாறை விவசாயி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் படிக்கட்டு நிலம் இருக்கிறது. மலைப்பூண்டு, கேரட், பீன்ஸ் என மாற்றி மாற்றிப் பயிரிடுகிறோம். தார்ச்சாலையிலிருந்து நிலத்துக்கு இறங்கும் மண்பாதை ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அது முழுவதும் பங்காளிகளின் பட்டா நிலத்துக்குள்ளேயே போகிறது. அப்பா காலம் முழுவதும் எருவும் விளைச்சலும் குதிரை முதுகில்தான் இறங்கின, ஏறின. எங்களிடம் இருந்த கடைசிக் குதிரைக்கும் வயதாகிவிட்டது. இனி அதை வருத்த வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, சென்ற மாதம் ஒரு புதிய ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) வாங்கினோம். 400 சிசி வகுப்பு, பெட்ரோல், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ரேடியேட்டர் உள்ள இன்ஜின், பெல்ட்டில் ஓடும் தானியங்கி வகை, நான்கு சக்கர இழுவை. மீட்டர் இப்போது 18 மணி நேரம் என்றும் 96 கிலோமீட்டர் என்றும் காட்டுகிறது.

எனக்கு இருசக்கர வண்டியைப் பராமரித்த அனுபவம் மட்டுமே உண்டு. விற்ற கடை சமவெளியில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பதிவெண் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் பிக்கப் வாடகைக்குப் பிடித்து மலை இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு மூட்டைப் பூண்டின் லாபம் அதிலேயே போய்விடும். “1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு கொண்டுவாருங்கள், அதுவரை எதையும் தொட வேண்டாம்” என்று கடையில் சொன்னார்கள். அது சரிதானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: மாலையில் வேலை முடிந்ததும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரால் சேற்றை அடித்துக் கழுவுகிறேன், பிறகு தகரக் கொட்டகையில் நிறுத்துகிறேன். டயர்களுக்கு, வண்டியை மேலே கொண்டுவந்த நாளில், வத்தலக்குண்டில் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று அடித்தோம். அந்தக் கடையின் கேஜில் அதற்குக் கீழே கோடே இல்லை. கல் பாதையில் வண்டி மிகவும் துள்ளுகிறது, ஈரமான ஏற்றத்தில் சறுக்குகிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த விரும்புகிறேன். அன்றாடம் எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை எதை மாற்ற வேண்டும், எதில் நான் கை வைக்கவே கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.


கோத்தகிரி பட்டறை

வணக்கம் தம்பி. தேயிலைத் தோட்டம் ஒன்றின் வண்டிப் பட்டறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிராக்டர், ஜீப்புகளோடு இரண்டு ஏடிவிக்களும் என் பொறுப்பில் இருக்கின்றன.

முதலில் அந்த 1,000 கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் மீட்டரே உண்மையைச் சொல்கிறது. 18 மணி நேரத்தில் 96 கிலோமீட்டர் என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். அது குதிரை நடக்கும் வேகம். அதே வேகத்தில் 1,000 கிலோமீட்டர் ஆவதற்கு ஏறத்தாழ 190 மணி நேரம் பிடிக்கும், அத்தனை மணி நேரமும் இன்ஜின் பாரத்தை இழுத்துக்கொண்டு சுழன்றிருக்கும். தோட்ட வண்டிக்கு மணிக்கணக்குதான் கணக்கு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முதல் சர்வீஸை 20 முதல் 25 மணி நேரத்துக்குள் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் அந்த எண் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். புதிய இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளும் பற்சக்கரங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து படிகிற காலம் இது. அப்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை வெளியேற்றுவதுதான் முதல் ஆயில் மாற்றத்தின் நோக்கம். நீங்கள் 18-இல் இருக்கிறீர்கள், ஆகவே இந்த வாரத்திலேயே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகு எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதையும் கையேடு சொல்லும். அதில் சேறு, தூசி, பாரம், மெதுவான ஓட்டம் ஆகிய கடின உழைப்புக்கு என்று தனியாகக் குறைந்த கால அளவு கொடுத்திருப்பார்கள். மேல்மலையில் உங்களுக்குப் பொருந்துவது அந்தக் குறைந்த அளவுதான். எங்கள் தோட்டத்தில் 50 மணிக்கு ஒரு முறை இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுகிறோம்.

ஆயில் வாங்கும்போது கையேட்டில் உள்ள தரத்தை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றிவிடாதீர்கள். சில ஏடிவிக்களில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் அந்தக் கிளட்ச் நழுவத் தொடங்கும். டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்ஏ என்று குறித்திருப்பது அத்தகைய கிளட்சுக்கு ஏற்ற ஆயில். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் வடியுங்கள். அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். அந்த ரெஞ்ச் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அலுமினிய மரையை வலிந்து இறுக்கிச் சிதைத்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து வைத்துப் பட்டறையில் கொடுங்கள். நிலத்திலோ ஓடையிலோ ஊற்றினால், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊருக்குத்தான் அது போய்ச் சேரும்.

புதியவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு. இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பெட்டிக்கு ஒன்று, முன் டிஃபரென்ஷியலுக்கு (இரு முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒன்று, பின் பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி இடங்களில் தனித்தனி ஆயில் இருக்கும். முதல் சர்வீஸில் இவை அனைத்தையும் மாற்ற வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். பலவற்றில் மாற்றத்தான் சொல்லியிருக்கும். வெளியே எடுத்த ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம்.

இனி அன்றாடம் பார்க்க வேண்டியவை. சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டர் நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விடுங்கள். அது படக்கென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பியும் அதையே செய்து பாருங்கள். சேறு புகுந்து ஆக்சிலரேட்டர் திரும்பாமல் நின்றால், படிக்கட்டு நிலத்தில் உங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், நான்கு சக்கர நட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள், நிறுத்திய இடத்தின் தரையில் சொட்டுக் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இத்தனைக்கும் மூன்று நிமிடம்தான் ஆகும்.

சக்கரத்துக்குப் போகும் அச்சுகளின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறைகள் இருக்கும். வாரம் ஒரு முறை அவற்றைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். முள்ளோ குச்சியோ குத்திக் கிழிந்திருந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்திருக்கும். அன்றே உறையை மட்டும் மாற்றினால் செலவு சிறியது. கிழிந்த உறைக்குள் சேறு புகுந்து ஒரு மாதம் ஓடினால் முழு அச்சையும் மாற்ற வேண்டியிருக்கும். சஸ்பென்ஷன் கைகளிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்) உள்ளனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை கையால் இயக்கும் கிரீஸ் கன்னால் அடியுங்கள். மழைக்காலத்தில், சேற்றுத் தண்ணீரில் ஓட்டிய பிறகு, இதை உடனே செய்துவிடுவது நல்லது. உள்ளே தங்கிய நீரைக் கிரீஸ் வெளியே தள்ளிவிடும்.

பவர் ஸ்பிரேயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். அந்த அழுத்தத்தில் வரும் நீர் பேரிங் சீல்களைத் தாண்டி உள்ளே போகும், ஒயர் இணைப்புகளுக்குள் போகும், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். அதைவிட முக்கியமானது, அந்த டேங்கில் நீங்கள் போர்டோ கலவையோ வேறு தாமிர மருந்தோ கலக்கியிருப்பீர்கள். எத்தனை முறை அலசினாலும் மிச்சம் இருக்கும். தாமிர உப்பு அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை ஏற்றிய நாளிலும் தாங்கியில் சிந்திய உப்பை அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஒரு தென்னங்குச்சித் துடைப்பம், சிறிது சோப்பு ஆகியவையே போதும். இன்ஜின் ஆறிய பிறகுதான் தண்ணீர் படலாம். ரேடியேட்டரில் அப்பிய சேற்றை ஊறவைத்து, மெல்லிய நீரோட்டத்தால் கரைத்துவிடுங்கள்.

வால்வு இடைவெளி சரிபார்ப்பது, பிரேக்கில் காற்று எடுப்பது, இன்ஜெக்‌ஷன் சென்சார்களில் கை வைப்பது ஆகியவற்றை இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டாம். முதல் சர்வீஸில் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருந்தால், இருசக்கர வண்டி நன்கு அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொடைக்கானலிலிருந்து நிலத்துக்கே அழைத்து வரலாம். கையேட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நோட்டு போட்டு, மீட்டர் மணியையும் செய்த வேலையையும் எழுதி வையுங்கள், வாங்கிய பில்களையும் அதிலேயே ஒட்டுங்கள். பின்னால் உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.


கூக்கால் தோட்டக்காரர்

பட்டறை ஐயா சொன்னவற்றுக்கு மேல் இன்ஜினைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் டயரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் துள்ளலுக்கும் சறுக்கலுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏடிவி டயர் மிகக் குறைந்த காற்றில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. மட்கார்டிலோ கையேட்டிலோ ஒரு ஸ்டிக்கரில் எண் இருக்கும். பெரும்பாலும் அது 4 முதல் 7 பிஎஸ்ஐக்குள் அமையும். டயர் தன் வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு கல்லைத் தழுவிச் செல்ல வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் உயிர். 10 அடித்தால் டயர் பந்தாகிவிடும், நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும்.

மலை வேறு அதனோடு சேர்ந்துகொள்கிறது. வத்தலக்குண்டு ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்திலும் பூம்பாறை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. இந்த உயர வேறுபாட்டுக்கு அது சுமார் இரண்டரை பிஎஸ்ஐ. டயருக்குள் அடைத்த காற்று அப்படியே இருக்க, வெளியிலிருந்து அதை எதிர்த்து அழுத்தும் காற்று குறைந்துவிடுவதால் கேஜில் எண் ஏறும். மலையின் குளிர் உள்ளிருக்கும் காற்றைச் சற்றுச் சுருக்குவதால் முழு இரண்டரையும் ஏறுவதில்லை. அதிகாலையில் ஒன்று, வெயில் வந்தபின் ஒன்றரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். காருக்கு 32 பிஎஸ்ஐயில் இந்த ஒன்றரை ஒரு பொருட்டே இல்லை. 5 பிஎஸ்ஐயில் ஓட வேண்டிய டயருக்கோ அது கால் பங்குக்கும் மேல். ஆகவே கீழே 10 அடித்த உங்கள் டயர்களில் இப்போது 11-க்கும் கூடுதலாக இருக்கும். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

0 முதல் 15 வரை மட்டும் காட்டுகிற குறைந்த அழுத்தக் கேஜ் ஒன்றைத் தருவித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கில் இருக்கும் கார் கேஜ் அந்தக் கீழ்ப்பகுதியில் சரியாகக் காட்டாது. காலையில், வண்டி நகர்வதற்கு முன், உங்கள் நிலத்தில் நின்றே அளந்து, ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குக் காற்றை இறக்குங்கள். குறைந்தால் ஏற்றுவதற்கு மிதிவண்டிப் பம்ப் போதும், கம்ப்ரஸர் வேண்டாம். இவ்வளவு சிறிய அளவை அது ஒரு நொடியில் தாண்டிவிடும். இடதும் வலதும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பாரம் ஏற்றும் நாளுக்கு ஸ்டிக்கரில் வேறு எண் கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். சரிவில் குறுக்கே திரும்பும்போது டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும்.


கோத்தகிரி சிறு தேயிலை விவசாயி

தம்பிக்கு வணக்கம். நானும் முதன்முதலாக ஏடிவி வாங்கி, தெரியாமல் ஒரு இன்ஜினை இழந்தவள். அதனால் காற்று ஃபில்டரைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

ஏடிவியின் முன் சக்கரங்கள் கிளப்பும் தூசியையும் சேற்றையும் வண்டி தானே மூச்சாக இழுக்கிறது. மாசி, பங்குனியில் தேயிலைக் காட்டுப் பாதையில் தூசி கணுக்கால் அளவு கிடக்கும். அப்போது ஒரு பட்டறையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். அவர்கள் ஸ்பாஞ்சு ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவாமல் அப்படியே மாட்டிவிட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது, நானும் மகிழ்ந்தேன். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சு வெறும் சல்லடை, நுண்தூசியைப் பிடிக்காது. அடுத்த மழைக்காலத்துக்குள் வண்டி நீலப் புகை தள்ளியது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. பிரித்தபோது சிலிண்டர் முழுவதும் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. இரண்டு கொழுந்துப் பருவத்தின் வருமானத்தை அதில் வைத்தேன்.

உங்கள் வண்டியில் இருப்பது ஸ்பாஞ்சா, மடிப்புக் காகிதமா என்று முதலில் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்சு என்றால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து அமுக்கி எடுங்கள். துணி பிழிவது போல் முறுக்கினால் கிழியும். நிழலில் முழுவதும் உலர்த்த வேண்டும். நம் மலையில் மஞ்சு மூடிய நாளில் அது ஒரு நாளில் உலராது என்பதால் இரண்டாவதாக ஒரு ஸ்பாஞ்சு வாங்கி வைத்துக்கொண்டேன். உலர்ந்த பிறகு ஃபில்டருக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றி, எல்லா இடத்திலும் ஒரே நிறமாகப் பரவும் வரை பிசைந்து, மிகுதியை அமுக்கி எடுத்துவிட்டு மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. லேசாகத் தட்டிப் பார்த்து, அழுக்கு ஊறியிருந்தால் புதியது மாட்ட வேண்டும். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் ஆழமாகப் புதைந்துவிடும். எதை மாட்டினாலும் விளிம்பு சுற்றிலும் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர் பெட்டியின் அடியில் சிறு குழாய் ஒன்று அடைப்போடு தொங்கும். அதில் தண்ணீரோ மண்ணோ தெரிந்தால் பெட்டியை உடனே திறக்க வேண்டும்.

இன்னொன்று, எலி. தகரக் கொட்டகையில் நிறுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் வெதுவெதுப்பான இடம் தேடி எலிகள் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், ஒயரையும் கடிக்கும். பத்து நாள் வண்டி நின்றிருந்தால், பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் ஸ்டார்ட் செய்வதில்லை. விதைப்பூண்டையும் தானியத்தையும் அதே கொட்டகையில் வைத்திருந்தால் எதையாவது ஒன்றை இடம் மாற்றுங்கள்.


உதகை வாசகர்

ஒரே ஒரு செய்தி. கோடையில் சைலன்சருக்கு மேலும் அடித்தகட்டின் மேலும் காய்ந்த புல், யூகலிப்டஸ் இலை, பைன் ஊசி ஆகியவை சேர்ந்துவிடும். தை முதல் சித்திரை வரை தினமும் நிறுத்தியதும் ஒரு குச்சியால் அவற்றைத் தள்ளிவிடுங்கள், சூடான வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். அந்த மாதங்களில் நம் மலைகளில் ஒரு பொறி போதும்.


பூம்பாறை விவசாயி

ஐயாவுக்கும், அம்மாவுக்கும், மற்ற இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று முழுவதும் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியோடு உட்கார்ந்திருந்தேன். கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

கையேட்டில் முதல் சர்வீஸ் 20 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. மட்கார்டு ஸ்டிக்கரில் டயருக்கு 5 பிஎஸ்ஐ. கேஜ் வரும்வரை காத்திராமல், கொடைக்கானலில் நண்பர் ஒருவரிடம் இருந்த குறைந்த அழுத்தக் கேஜை வாங்கி வந்து அளந்தேன். மூன்று டயர்களில் 11-க்குச் சற்று மேல், ஒன்றில் 9. நான்கையும் 5-க்கு இறக்கிய பிறகு அதே கல் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். இவ்வளவு வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இது கால் ஊன்றி நடக்கிறது என்றார்.

ஃபில்டர் ஸ்பாஞ்சு வகைதான், எண்ணெய்ப் பசையோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெட்டியின் அடிக்குழாயில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் இருந்தது. ஸ்பிரேயரின் வேலை அது என்று புரிந்துகொண்டேன். இனி அதை வண்டியின் அருகே கொண்டுபோக மாட்டேன்.

எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) இதுவரை மரையில் முழுவதும் முறுக்கி வைத்து அளந்தேன். கையேடோ முறுக்காமல் வெறுமனே அமர்த்தி அளக்கச் சொல்கிறது. அப்படி அளந்தால் ஆயில் கீழ்க்கோட்டில் நிற்கிறது. இரண்டாவது, ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போல் வெளுத்த பசை சிறிது ஒட்டியிருக்கிறது. ஐயா சொன்ன மோர் நிறம் இதுதானா என்று பயமாக இருக்கிறது. மூன்றாவது, நான்கு மூட்டை எருவோடு ஏற்றத்தில் வரும்போது ரப்பர் கருகும் வாடை இரண்டு முறை வந்தது. நான் எப்போதும் கியர் நெம்பின் ஹை (வேகமான ஓட்டத்துக்கான) நிலையில்தான் ஓட்டுகிறேன். லோ என்பது சேற்றில் மாட்டிக்கொண்டால் மட்டும் போட வேண்டியது என்று நினைத்திருந்தேன்.


கோத்தகிரி பட்டறை

தம்பி, நீங்கள் செய்திருப்பது நல்ல வேலை. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

டிப்ஸ்டிக்கை முறுக்கினால் குச்சி ஆழமாக இறங்கும். அதனால் உண்மையான அளவைவிட அதிகமாக நனைந்து, ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும். எந்த முறை என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டிக்குக் கையேடு சொல்வதுதான் சரி. சம தரையில் நிறுத்தி அளந்தீர்களா என்பதையும் பாருங்கள். படிக்கட்டு நிலத்தின் சரிவில் அளந்தால் எண் பொய்யாகும். கீழ்க்கோட்டில் இருப்பதால் அதே தர ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி மேல்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, முதல் சர்வீஸ் வரை ஓட்டலாம். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். கூடினால் ஆயில் நுரைக்கும், ஃபில்டர் பெட்டிக்குள்ளும் ஏறும்.

மூடியில் மட்டும் உள்ள வெண்பசைக்குப் பயப்பட வேண்டாம். குளிர்ந்த காலையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் முழுச்சூடு அடையாது. உள்ளே வியர்த்த ஈரம் மேலே குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகிறது. மலையில் கார்களிலும் இதைக் காணலாம். துடைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலே வெளுத்திருந்தால்தான் அது நான் சொன்ன மோர்.

மூன்றாவதுதான் நீங்கள் உடனே மாற்றிக்கொள்ள வேண்டியது. அந்த வாடை உங்கள் பெல்ட் கருகும் வாடை. தானியங்கி வண்டியில் இன்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இரண்டு கப்பிகளுக்கு இடையே இறுக்கிப் பிடிக்கப்படும் ஒரு ரப்பர் பெல்ட். ஹை நிலையில், பாரத்தோடு, நடைவேகத்தில் ஏறும்போது கப்பி அதை முழுவதும் இறுகப் பிடிப்பதில்லை. பெல்ட் வழுக்கிக்கொண்டே சூடாகும். நம் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்ஜினின் இழுவையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஆக்சிலரேட்டரால் ஈடுகட்ட நீங்கள் அழுத்த அழுத்தப் பெல்ட் இன்னும் வேகும். லோ நிலை அவசரத்துக்கு வைத்த ஒன்று அன்று. பாரம், செங்குத்து ஏற்றம், மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குக் கீழான வேகம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் லோவில்தான் ஓட்ட வேண்டும். உங்கள் பாதையில் பெரும்பாலான நேரம் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. இறக்கத்திலும் லோவே போடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் பேடும் குறைவாகத் தேயும். வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் நெம்பை மாற்ற வேண்டும்.

பெல்ட் பெட்டிக்குள் ஸ்பிரேயர் தண்ணீர் புகுந்திருக்கவும் கூடும். ஃபில்டர் பெட்டியில் தண்ணீர் கண்டதால் எனக்கு அந்த ஐயம் இருக்கிறது. ஈரமான பெல்ட்டும் இப்படித்தான் வழுக்கும். பெட்டியின் கீழ்ப்புறத்தில் சிறு வடிகால் மூடி ஒன்று இருக்கும், கையேட்டுப் படத்தில் பாருங்கள். இன்ஜின் ஆறியபின் அதைக் கழற்றி வடியவிட்டு, மூடியைத் திரும்பப் போட்டு, நியூட்ரலில் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே வீசும் காற்றே பெல்ட்டை உலர்த்திவிடும். அதன் அருகே கிரீஸோ எண்ணெயோ சொட்டக் கூடாது. நாளை அந்த மூடியைத் திறந்து, தண்ணீர் வந்ததா, கருப்பு ரப்பர்த் தூள் கொட்டியதா என்று எழுதுங்கள். தூள் மிகுதியாக இருந்தால் முதல் சர்வீஸோடு மேல்மூடியையும் கழற்றிப் பெல்ட்டின் விளிம்பில் பிசிறோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எப்படிக் கழற்றுவது என்பதை அப்போது படிப்படியாகச் சொல்கிறேன்.